எந்தத் தலைப்பு

காட்பாடி வட்டார வள மையம்.
பயிற்சியின் இரண்டாம் நாள்.
மின்விசிறி வெயிலைக் கலக்கிக்கொண்டிருந்தது.

"விளையாட்டு நிதியென்று வந்தால்
விளையாட்டுக்குத்தான் செலவு.
மார்ச் முப்பத்தொன்று தாண்டினால்
டெல்லிக்கே திரும்பிவிடும்"
என்றார் கருத்தாளர்.

பீஞ்சமந்தையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த
சுகிர்தா டீச்சர் எழுதிக்கொண்டார்.
ஓடிபி வாங்கப் பாறையில் ஏறி நின்றதை
அவர் யாரிடமும் சொல்லவில்லை.
போன வருஷப் பந்து பள்ளத்தில் உருண்டது,
எடுக்க இறங்கிய பையன் காலில்
இன்னும் முள்.

"செருப்பு எந்தத் தலைப்புங்க சார்?"

பின்வரிசை சிரித்தது.
கருத்தாளர் படத்தை மாற்றினார்.
டீ வந்தது.

பயணப்படி நூற்றெண்பது.
கையெழுத்துப் போட்டு வாங்கி
லாங் பஜாரில் இறங்கி
மடித்த சுற்றறிக்கையைப் பிரித்தார்.
பின்பக்கம் பேனாவில் வரைந்த
ஒரு வலது பாதம்.

அளந்து பார்த்த கடைக்காரர் கேட்டார்:
"பில்லு யார் பேர்லம்மா போடறது?"