வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்

விடிகாலை மூன்று நாற்பது.
பாயான் லெப்பாஸ், தொழிற்சாலைக் கேன்டீன்.
ஆறிப்போன மைலோ,
கழித்துப்போட்ட லாட் அட்டை ஒன்று.
அதன் பின்புறத்தில்தான்
தாஜ் மகாலுக்குத் திட்டம் போடுகிறோம்
நானும் சியூ லானும்.

பதினெட்டு வருஷமாக ஒரே லைன்.
உருப்பெருக்கியில் கண்ணை வைத்துச்
சில்லுக்குள் மயிரிழை விரிசல் தேடும் வேலை.
பெயரட்டையில் நான் மாரிக்கண்ணு.
அவள் வாயில் நுழைந்தது கடைசிப் பாதி மட்டும்.
கண்ணு என்பாள்,
என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று தெரியாமல்.
நானும் சொன்னதில்லை.

சீனப் பெருநாளுக்கு ஐந்து நாள் மூடுகிறார்கள்.
அக்கா வீட்டு விருந்துக்குப் போனால்
அவன் இன்னும் அந்தப் பெண்ணோடுதானா
என்று கேட்பார்களாம்.
“அதுக்கு ஆக்ரா போயிடலாம், கண்ணு.
பொண்டாட்டி செத்த பிறகு ஒருத்தன்
எவ்வளவு செலவழிச்சான்னு பார்க்கணும்.
நான் உயிரோடு இருக்கும்போதே என் ஆளு
வாஷிங் மெஷினுக்குத் தவணை கட்டலை.”

எனக்குப் பளிங்கின் மேல் அப்படியொன்றும் ஆசையில்லை.
ஆசைப்படுகிறவளோடு போக ஆசை.

கைப்பேசியில் விசா படிவம்.
உடலில் அடையாளம்?
இடது கட்டைவிரலில் தழும்பு.
அவளுக்கும் அதேதான்:
ஒரே இயந்திரம், வேறு வேறு வருஷம்.
தகப்பன் பிறந்த ஊர்?
சுங்கை பாக்காப். அவளுக்கு பாலிக் பூலாவ்.
இந்தியாவில் உங்களை அறிந்த ஒருவர்:
பெயர், முகவரி, தொலைபேசி.

விரல் அங்கே நின்றுவிட்டது.

“உன் ஆளுங்க யாரையாவது போடு லா.”

என் ஆட்கள்
பட்டர்வொர்த்தில் இருக்கிறார்கள், ஜூருவில் இருக்கிறார்கள்,
ஒருத்தன் சிங்கப்பூரில் பஸ் ஓட்டுகிறான்.
நூற்று நாற்பது கோடிப் பேரில்
இவளைத் தெரியும் என்று சொல்ல
ஒரு நம்பர் இல்லை.
“ஒருத்தருமே இல்லையா?”
“இல்லை.”
“எனக்கும்தான்.”
இன்னும் முன்பணம்கூடக் கட்டாத விடுதியின் பெயரைத்
தன் படிவத்தில் தட்டினாள்.
பிறகு என் கைப்பேசியை வாங்கி
அதிலும் தட்டினாள்.

நுழைவுச்சீட்டுக்கு இரண்டு விலை,
உள்நாட்டாருக்கு ஒன்று, வெளிநாட்டாருக்கு ஒன்று.
“உனக்கு மலிவாகப் போயிடும், நீதான் இந்தியர் ஆச்சே!”

பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து
இனம் என்று கேட்ட கட்டத்தில் எல்லாம்
நான் போட்ட டிக் ஒன்றுகூட
அந்தக் கவுன்டரில் செல்லாது என்றேன்.
அங்கே பாஸ்போர்ட்தான் பேசும்.
சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை,
அடுத்த மேசையிலிருந்து ரோஸ்னானி
திரும்பிப் பார்க்கும்வரை.
“அப்போ அங்கேயும் ஒரே லைன்!”

விமானம், ரயில், விடுதி, வழியில் சாப்பாடு.
என் மகளின் பல் கம்பித் தவணை போக
ஓவர்டைம் பதினொரு ஞாயிறு.
கூட்டிக் கோடு போட்ட பிறகுதான்
கண்ணில் பட்டது:
வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.
நாங்கள் இறங்குவது வியாழன் ராத்திரி,
கிளம்புவது சனிக்கிழமை காலை பத்துக்கு.

விரிசல் தேடிச் சம்பளம் வாங்குகிற இரண்டு பேர்
இதை விட்டுவிட்டோம்.

“கோட்டையிலிருந்து பார்த்தால் தூரத்தில் தெரியுமாம்.”
“தூரத்தில் பார்க்கவா பதினொரு ஞாயிறு?”

மணி அடித்தது.

க்ளீன் ரூமுக்குள் தாள் ஆகாது, தூசு.
அட்டையைக் குப்பையில் போடுமுன்
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்:
சனி. விடியல். கிழக்கு வாசல். ஓடணும்.
அதன்மேல் கையுறையை இழுத்துவிட்டாள்.

நாலிலிருந்து ஏழுவரை
மூன்று சில்லில் விரிசல் கண்டேன்.
நான்காவதை இரண்டு முறை பார்த்து
நல்லதில் போட்டேன்.

ஷிஃப்ட் முடிந்து கையுறையைக் கழற்றினாள்.
வேர்வையில் எல்லாம் நீலக் கறையாகியிருந்தது,
ஓடணும் தவிர.