நிலைச்சொற்கள்

அறிவியல் நகரில், பொறியியற் பீடத்தின் கடைசி அறையில்
பதினாறு கணனிகள் ஒரே அலுமாரியாய் நின்று இரைகின்றன.
அவற்றுக்கு ஒரு வாசல் கட்டச் சொல்லி
என்னை எடுத்தார்கள். ஒப்பந்தம் ஆறு மாதம்.

கறுப்புத் திரையில் கட்டளை எழுதத் தெரிந்தவர்கள்
மொத்தம் மூன்று பேர்.
மற்றவர்கள் சோபிதனிடம் பென்டிரைவைக் கொடுத்துவிட்டு
கன்ரீனில் இருந்தார்கள்.
சோபிதன் லீவென்றால் விஞ்ஞானமும் லீவு.

ஆகவே உலாவியில் திறக்கும் ஒரு பக்கம்:
கோப்பை ஏற்று, எத்தனை மணித்தியாலம் என்று சொல்,
பச்சைப் பொத்தானை அழுத்து, வீட்டுக்குப் போ.
ஆங்கிலத்தில் ஒரு கிழமையில் முடிந்தது.
தமிழில்தான் மாட்டிக்கொண்டேன்.

முறைக்கு நிற்கும் வேலைக்கு: காத்திருக்கிறது.
ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.
காத்திருப்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.
தொடங்கிய வேலைக்கு: ஓடுகிறது.
நெற்பயிர் நோய்க்காரி றிஸ்மியா மட்டும்
ஒரு கணம் நிமிர்ந்தாள்,
மறுபடி தன் வரைபுகளுக்குள் குனிந்தாள்.

கேட்ட நேரத்தைத் தாண்டும் வேலையைப் பொறி தானே முடித்துவிடும்.
ஆங்கிலத்தில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, சின்னச் சொல்.
அகராதியைப் பார்த்து அப்படியே தட்டினேன்.
சோதனைக்கு விட்ட நாற்பதில் பதினொன்று
சிவப்பில், ஒன்றன்கீழ் ஒன்றாய்:
கொல்லப்பட்டது
கொல்லப்பட்டது
கொல்லப்பட்டது

தேத்தண்ணியோடு வந்த ஜெனிற்றா மிஸ்
திரையைப் பார்த்தார். பிறகு என்னை.
"இது எந்தத் திகதிப் பட்டியல்?"

அன்றிரவே மாற்றினேன். நிறுத்தப்பட்டது.
கோப்பு காணாமல் போய்விட்டது என்பதையும் அழித்தேன்.
ஏ-ஒன்பது வீதியோரம் பந்தலுக்குள்
படங்களை மடியில் வைத்திருக்கும் தாய்மாரைத் தாண்டித்தான்
என் பஸ் வரும்.
கோப்பு கிடைக்கவில்லை. அவ்வளவு போதும்.
தாய்ச் செயல் முடிந்தபின்னும் தனியே ஓடுகிற செயல்களுக்கு
ஆங்கிலக்காரர் வைத்த பெயரை
நான் தமிழாக்கவேயில்லை. எண்ணை மட்டும் காட்டினேன்.

நல்ல பிள்ளையாய் எல்லாவற்றையும் மெழுகியாயிற்று
என்று நினைத்திருந்தேன்.

ஜெனிற்றா மிஸ்ஸுக்கு கரைத்துறைப்பற்றில் அறுநூற்றுப் பன்னிரண்டு கிணறு.
எந்தக் கிணறு எந்த வருடம் உவராகும் என்பது அவருடைய கணக்கு.
நாற்பத்தெட்டு மணித்தியாலம் கேட்டார், ஐம்பது தேவைப்பட்டது.
வெள்ளி காலை ஒரு வரி: நிறுத்தப்பட்டது.
போன் எடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

"நிறுத்தப்பட்டது எண்டால், ஆர் நிறுத்தினது?"

நான் வாயைத் திறந்தேன், மூடினேன்.
"படுசொல் வேண்டாம் பிள்ளை.
ஆர், ஏன், எத்தினை மணிக்கு.
அதைச் சொல்லாத வசனம் எங்களிட்டை நிறையக் கிடக்கு."

இரண்டு நாள் பிடித்தது.
சொல்லுக்குப் பதில் வசனம்; வசனத்துக்கு எழுவாய்.
'நேரம் போதாததால் பொறி இதை 04:12க்கு நிறுத்தியது.'
'நினைவகம் நிரம்பியதால் பொறி நிறுத்தியது.'
'நிர்வாகி சோபிதன் நிறுத்தினார். காரணம்: பராமரிப்பு.'
சோபிதனுக்குப் பிடிக்கவில்லை.
தன் பெயர் ஏன் வரவேண்டும் என்று இரண்டு முறை கேட்டான்.
மூன்றாம் முறை கேட்கவில்லை,
வேலையொன்றை நிறுத்த முன் போன் எடுக்கத் தொடங்கினான்.

கைத்தொலைபேசியில் வரி மடிந்து விழுகிறது,
பெட்டிக்கு வெளியே 'நிறுத்தியது' தொங்குகிறது.
வடிவமைப்பு தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இன்று ஞாயிறு, இரவு இரண்டேகால்.
பரந்தன் பக்கம் மழை. கரண்ட் ஒருமுறை போய் வந்துவிட்டது.
படுக்கையிலிருந்தே திறந்து பார்க்கிறேன்.

வேலை 1187. கிணறுகள்.
'மின்சாரம் போனதால் 01:38க்கு நின்றது.
01:56க்கு, விட்ட இடத்திலிருந்து
பொறி மீண்டும் தொடங்கியது.'

கீழே, சின்ன எழுத்தில், பச்சையில்:
ஓடுகிறது.

இதற்கு மட்டும் இன்னும் வேறு சொல் கிடைக்கவில்லை.