நூற்றுப்பதினொன்றில் ஒன்று

குன்னூர்ப் பள்ளி ஹாலில் எங்களுக்குக் கிடைத்தது
வர்க்கி ஸ்டாலுக்கும் காளான் வளர்ப்பவருக்கும் இடையே
ஒன்றரை மேசை.
ஒன்றே போதும் என்றான் போஜன்.
மலை மொத்தமே ஒன்றேகால் மீட்டர்.

பிளாஸ்டர் என் வேலையிடத்தில் மிஞ்சியது.
பகலில் பல்செட் செய்கிறேன், பெட்ஃபோர்டில்.
யாருடைய மேல்தாடைக்கோ ஊற்றி மீந்ததை
இரவில் பாறையாக்கினேன்.
உற்றுப் பார்த்தால் ஹில்குரோவுக்குக் கீழே ஒரு பாறையில்
கடைவாய்ப் பல்லின் பள்ளம் தெரியும்.
யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

நடுத் தண்டவாளம்தான் படுத்திவிட்டது.
பித்தளைப் பட்டையில் அறுநூற்றுச் சொச்சம் பல்,
அரத்தால், ஒவ்வொன்றாக.
"மெல்லாத பல்லுக்கா இவ்வளவு?" என்றார் டாக்டர் செரியன்.
பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுகிற வண்டி, டாக்டர்.
கடிக்கப் பல் வேண்டாமா?

பத்து மணிக்குக் கதவைத் திறந்ததும்
முதலில் உள்ளே வந்தது மூடுபனி.
தண்டவாளம் வியர்த்தது.
முதல் வண்டி குகைக்குள்ளேயே நின்றது.
போஜன் பின்னாலிருந்து கையை விட்டான்.
மலையிலிருந்து ஐந்து விரல் முளைத்ததைக் கண்டு
ஒரு குழந்தை வீறிட்டது.
அன்றைய முதல் கைதட்டல் அதற்குத்தான்.

அப்புறம் அவன் முன்னால், குமிழோடு.
நான் திரைக்குப் பின்னால்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மலையின் முதுகு:
ஒட்டுப்பலகை, சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர்,
முட்டுக்கொடுத்த பிஸ்கட் அட்டை.
கீழ் ஓட்டைக்குள் வண்டி போகும்.
அந்தப் பக்கம் ஓர் "ஆ" கேட்கும்.
நாற்பது விநாடியில் மேல் ஓட்டை வழியே,
மூன்று பெட்டி முன்னால்,
முட்டித் தள்ளிக்கொண்டு என்ஜின் பின்னால்.
பிடித்துத் தூக்கி
மறுபடி கீழே வைப்பேன்.
இறக்கம் என்பதே எங்கள் பாதையில் இல்லை.
சாயங்காலம்வரை ஏற்றம்தான்.

துணி வழியே கேள்விகள் வந்தன.
சார்ஜ் போடணுமா?
விலைக்குத் தருவீங்களா?
எங்க வீடு இதுல எங்க?
"அந்தப் பக்கம் பாப்பா, மலைக்குப் பின்னால"
என்றான் போஜன்.
நான் ஒயரைக் கொஞ்சம் நகர்த்தி இடம்விட்டேன்.

பன்னிரண்டரைக்கு வண்டி திக்கியது.
பல்லிடுக்கில் வர்க்கித் தூள்.
என் கொக்கியூசி எதற்கு இருக்கிறது?

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குரல், மெதுவாக:
"பெட்டிக்கு ஒரு ஆள் நிக்கணுமே, கொடியோட.
பிரேக் பிடிக்க ஆளில்லாமயா ஏத்துறீங்க?"
போஜனிடமிருந்து பதில் இல்லை.
திரையை விலக்கித் தலையை நீட்டினேன்.
நீலச் சட்டை, கரி படிந்த கைப்பிடித் துணி.
சவரியப்பன் என்றார்.
"நான் மூணாவது பெட்டி."

பையில் பல்செட் மெழுகு இருந்தது.
பதினைந்து மில்லி உயரத்தில் ஓர் ஆளை உருட்டினேன்.
முதல் ஆள் வளைவில் விழுந்தார்.
இரண்டாமவர் நின்றார்,
தலைமுதல் கால்வரை ஈறு நிறத்தில்.
குனிந்து பார்த்தார் சவரியப்பன்.
"கொஞ்சம் குண்டு. பரவால்ல."

குமிழை அவரிடம் கொடுத்தான் போஜன்.
"ஓட்டினதே இல்ல சார். பிடிச்சுத்தான் பழக்கம்."
இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.
நான் அப்போதுதான் முன்பக்கம் வந்தேன்,
ஏழு மாதத்தில் முதல் தடவையாக
பார்க்க மட்டும்.
மண்டியிட்டு, கண்ணை ஹில்குரோ மட்டத்தில் வைத்தேன்.

என்ஜின் தெரியவில்லை.
வெறும் பெட்டி ஒன்று குகையைவிட்டு
தானே வருவதுபோல் வந்தது.
அடுத்தது. அதற்கடுத்ததில்
வெளிச்சம் பட்ட அந்த ஆள்.
பிறகுதான் இரைப்பு.
என் பிளாஸ்டரை நானே நம்பிவிட்டேன்.

வண்டி மேல் குகைக்குள் நுழைந்தது.
கடைசிச் சக்கரமும் மறைந்தபோதுதான் உறைத்தது:
அந்தப் பக்கம் நான் இல்லை.

விழும் சத்தத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வரவில்லை.
குமிழ் பூஜ்யத்தில் இருந்தது.
"அதான் ஆள் நிக்கிறாரே" என்றார் சவரியப்பன்.