விலகிய புள்ளி

விடியற்காலை நாலு மணிக்கு
பதினோராம் எண் சாலையில் பனி தள்ளுகிறேன்.
மாவட்டத்தின் லாரி, மெய்ன் மாநிலத்தின் உப்பு.
எட்டு மணிக்கு
அதே மாநிலத்தின் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல்.
என் பூட்ஸிலிருந்து சாலை உருகி
பின்வரிசையில் குளமாகத் தேங்கும்.
வென்சல் ஒன்றும் சொல்வதில்லை.
பழைய செய்தித்தாள் ஒன்றை மட்டும்
என் நாற்காலிக்கடியில் விரித்து வைத்திருப்பார்.

முப்பத்துநாலு வயது எனக்கு.
படிவத்தில் 'முதன்மைப் பாடம்' என்ற கட்டம்
மூன்று பருவமாகக் காலி.
பணிமனையில் கில்மன் கேட்கிறான்,
இதையெல்லாம் படித்து என்னத்தை ஓட்டப்போகிறாய்?
இதே லாரியைத்தான், என்றேன்.
சிரித்தான். நானும் சிரித்தேன்,
வேறு பதில் இல்லாததால்.

அக்டோபரில் உயிரியல் வகுப்பு
கல்லறைத் தோட்டத்தில் நடந்தது.
கல்பாசி ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர் வளரும்,
ஆண்டு கல்லிலேயே பொறித்திருக்கும்,
அளந்தால் போதும் என்றார் ஹேஸ்கல்.
"சுரண்டிவிடாதீர்கள். உங்களைவிட மூத்தது அது."
ஹோதன் அளந்தாள், நான் எழுதினேன்.
1874, அறுபத்தெட்டு.
1902, ஐம்பத்தைந்து.
குழந்தைகளின் கற்கள் குட்டை.
மண்டியிட்டு அளந்தாள்.
எண்ணைச் சொன்னபோது குரல் மாறவில்லை.
எழுந்தபோது
முழங்கால் மண்ணைத் தட்டிவிடவும் இல்லை.

மேற்கு ஓரத்தில் ஒரு கல்.
1891 என்பது மட்டும் தெரிந்தது, பெயர் இல்லை.
பாசியோ பதினொன்றே மில்லிமீட்டர்.
கைவிளக்கைக் கல்லின் கன்னத்தோடு ஒட்டிப் பிடி என்றார் ஹேஸ்கல்.
வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிப் போக
பள்ளங்களில் நிழல் நிரம்பி
எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.
ப்வாவேர்.
கடைசி எழுத்தை எழுதிவிட்டுச்
சொல்லாமல் விழுங்கும் பிரெஞ்சுப் பெயர்.

முந்தின வாரம்தான் வரலாற்று வகுப்பில் படித்தோம்.
ஆலை வேலைக்கு கியூபெக்கிலிருந்து இறங்கி வந்தவர்கள்
சம்பளப் பட்டியல் எழுதுகிறவனின் நாக்குக்கு ஏற்றபடி
பெயரை மாற்றிக்கொண்டார்கள்;
பச்சை மரத்தைப் பச்சை மரமாகவே
இன்னொரு மொழியில் நட்டார்கள்.
அந்தக் கேள்விக்கு
முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன்,
நான், ஜோலீன் கிரீன்வுட்,
என்னைப் பற்றிய கேள்வி என்று உறைக்காமலே.

திரும்பும் வேனில் ஹோதன் சொன்னாள்,
எங்கள் வீட்டில் ஆறு பேருக்கும்
பிறந்தநாள் ஜனவரி ஒன்று.
முகாமில் படிவம் நிரப்பியவருக்கு என்ன அவசரமோ.
ஒரே கேக். சிக்கனம்.

டிசம்பர். வென்சலின் கரும்பலகை.
நாற்பத்தோரு கற்கள், நாற்பத்தோரு புள்ளிகள்,
நடுவே ஒரு கோடு நல்ல பிள்ளையாக ஏறிப்போகிறது.
1891 மட்டும் வெகு கீழே, தனியாக.
"இதை நீக்கினால் கோடு இன்னும் அழகாகப் பொருந்தும்.
நீக்கக் காரணம் இருக்கிறதா?"
அளந்ததில் பிழை என்றான் டாவிஷ்.
ஹோதன் பார்த்த பார்வையில்
கையிலிருக்கும் பேனாவையே தேடத் தொடங்கினான்.

யாரோ தேய்த்திருக்கிறார்கள்.
சொன்ன பிறகுதான் அதை யோசித்தேன்.
வாளியும் கம்பித் தூரிகையுமாக
வருஷா வருஷம் யாரோ வந்து
பாசியை ஒட்டவிடாமல் தேய்த்திருக்கிறார்கள்.
எதுவரை? அந்தக் கோட்டிடமே கேட்டேன்.
முப்பத்தாறு வருஷம் முன்பு வரை என்றது.
நான் பிறக்க இரண்டு வருஷம் இருக்கையில்
அந்தக் கை நின்றிருக்கிறது.
பெயர் மறையக் கூடாதென்று தேய்த்துத் தேய்த்தே
பெயரை அழித்த கை.

வென்சல் சாக்கட்டியைக் கீழே வைத்தார்.
"இது காரணமா, ஊகமா?"
தெரியவில்லை என்றேன்.
"அப்படியே எழுதுங்கள். புள்ளி இருக்கட்டும்."

இன்றிரவு பன்னிரண்டு அங்குலம் விழுமாம்.
பதினோராம் எண் சாலை
அந்தத் தோட்டத்தை ஒட்டித்தான் போகிறது.
அதன் வாசலில் பனி குவியாதபடி
அலகை ஒரு நொடி தூக்கிப்பிடிப்பேன்.
வேலைப் பதிவேட்டில்
அதற்குக் கட்டம் கிடையாது.