இரண்டாம் பாகத்தில் என் கால்கள் இல்லை

முதல் பாகத்தில் பேயின் கால்கள்
என்னுடையவை.

கட்டபெட்டு தாண்டி ஒரு பங்களா.
ஜனவரி. புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி.
பேயாக நடித்த அம்மாவுக்குக் காய்ச்சல்,
குன்னூர் ஆஸ்பத்திரியில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.
நான் பச்சைத்தேயிலை லாரி கிளீனர்,
ஜெனரேட்டருக்கு டீசல் இறக்கப் போனவன்.
"உயரம் சரியா இருக்கே" என்றார் இயக்குநர்.
வெள்ளைச் சேலை, இடுப்புவரை சவுரி,
வராந்தாவில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை.
முந்நூறு இப்போது,
இருநூறு அப்புறம்.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன்.
சிமெண்டுத் தரை கடித்தது.
விளக்கை அவர்கள் திருப்பிய நேரத்தில் மாட்டிக்கொண்டேன்:
நீல வார் ஹவாய்,
இடது வார் அறுந்து ஊக்கு குத்தியது.

மேட்டுப்பாளையம் தியேட்டரில்
நாய் ஊளையிட்டது, கதவு தானாகத் திறந்தது,
சேலைக்குக் கீழே
சளக் சளக்கென்று நான்.
ஒரு நொடி யாரும் மூச்சு விடவில்லை.
முன்வரிசையில் எவனோ கத்தினான்:
"டேய், பேய்க்குப் பித்தவெடிப்புடா!"
தகரக் கூரை கழன்றுவிடும் போலச் சிரிப்பு.
பெள்ளன் என் முதுகில் அடித்து அடித்து
மறுநாள் லோடு ஏற்ற முடியவில்லை எனக்கு.

அந்தப் பேய் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.
பங்களாவில் ஆயாவாக இருந்து செத்தவள்.
மூன்று மாதச் சம்பளப் பாக்கி.
குடிவந்தவர்களிடமெல்லாம் கணக்கு நோட்டை நீட்டுவாள்.
கடைசியில் கதாநாயகன் எண்ணி வைக்க,
ஒரு ரூபாய் கூடுதலென்று
திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.
அப்போது யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
யாரென்று சொல்லமாட்டேன்.

ஒன்பது வருஷம் கழித்து ஊட்டியில் இரண்டாம் பாகம்.
மனைவியும் மகள் மிதுனாவும் கூட.
பங்களாவை ஐதராபாத்தில் செட் போட்டிருந்தார்கள்.
பனி மெஷினிலிருந்து வந்தது,
பேசும்போது ஒருத்தர் வாயிலும் புகை வரவில்லை.
பேய்கள் ஐந்து.
ஆயா போன பிறவியில் ராஜகுமாரியாம்.
சம்பளப் பாக்கி பற்றிப் பேச்சே இல்லை,
உலகத்தைக் காப்பாற்றப் போய்விட்டாள்.

இடைவேளைக்கு முன் செருப்பு வந்தது.
தெரியாமல் போட்டதைத்
தெரிந்தே போட்டிருந்தார்கள்.
புத்தம்புது நீலம், கம்பெனிப் பெயர் தெரியும் கோணம்,
அதற்கென்று தனி மத்தளம்.
ஊக்கைக்கூட மறக்கவில்லை, வெள்ளியில் மினுக்கியது.
குதிகால் மட்டும் வழவழவென்று பீங்கான்.
கதாநாயகன் எங்களைப் பார்த்துத் திரும்பிச் சொன்னான்:
"பேய்க்குப் பித்தவெடிப்புடா!"
எப்படியோ ஊர் சுற்றி அவன் வாய்க்கு வந்திருக்கிறது.
மேட்டுப்பாளையத்து ஆளுக்கும்
பாக்கிதான்.

பொய் சொல்லக்கூடாது, மிதுனா சிரித்தாள்.
அவள் முதல் பாகம் பார்க்காதவள்.
நடுவில் ஒரு காட்சி,
பேய் தனியாக உட்கார்ந்து தலைசீவும்,
சிக்கு வராமல் "ச்சே" என்று சீப்பை எறியும்.
அது நல்ல காட்சி.
உதவி இயக்குநர் யாரோ திருட்டுத்தனமாக
எழுதிச் சேர்த்திருக்க வேண்டும்.
பெயர்கள் ஓடி முடிகிறவரை நின்று பார்த்தேன்.
'காலணி உதவி'யில் கம்பெனி இருந்தது.

வெளியே முழங்காலுக்குக் கீழே மூடுபனி.
"அப்பா, உனக்குக் காலே இல்லை" என்றாள் மகள்.
"இருக்கு பாரு" என்று தரையை உதைத்தேன்.
சளக்.
படுத்திருந்த நாய் எழுந்து
கொஞ்சம் தள்ளிப் படுத்தது.
அவள் சிரித்த சிரிப்பு
தியேட்டரில் சிரித்தது இல்லை.

கோத்தகிரி கடைசி பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறை இல்லை.
டிக்கெட்டின் பின்னால் 'பாக்கி 11' என்று கிறுக்கி,
"இறங்கும்போது வாங்கிக்குங்க" என்றார்.
இருவரும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்கள்.
நான் தூங்கவில்லை.