பிழை எண் பதினெட்டு

ரேசெக்னேயில் டிசம்பரில்
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
வெப்ப வாரியத்தின் இரண்டாம் மாடியில்
மாதக் கடைசி பில் ஓடிக்கொண்டிருக்கும்:
இரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு வீடுகள்,
வீட்டுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு தாள்.
நான் எழுதிய மேக்ரோ.
ஓடி முடிய நாலு மணி நேரம்.
அதுவரை திரையை உறையவைத்திருப்பேன்,
வேகத்துக்காக.
நீல வளையம் மட்டும் சுற்றும்.

எஸ்கேப் விசைக்கு வாய்ப்பூட்டு போட்டவன் நான்தான்.
காரணம் இருந்தது.

போன குளிர்காலம் யாரோ நடுவில் அதை அமுக்க,
மஞ்சள் பூசிய என் நிரல்வரி ஒன்று
சட்டையின் உள்தையல்போல் வெளியே தெரிய,
பயந்துபோய் 'முடி' என்பதைத் தட்டிவிட,
பாதிக் கிணறு தாண்டிய கணக்கு
அப்படியே உள்ளே விழுந்தது.
மூன்றாம் படிக்கட்டு வீடுகளுக்குப் புதுக் கட்டணம்,
நான்காம் படிக்கட்டுக்குப் பழையது.
ப்ரோனிஸ்லாவ்ஸ், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்,
தன் பில்லையும்
சுவருக்கு அப்பால் இருப்பவரின் பில்லையும்
மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.
ஒன்றும் பேசவில்லை.
கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

அன்றைக்கே ஒரு வரி சேர்த்தேன்.
இனி யார் அமுக்கினாலும் அதற்குக் காது கேட்காது.

நேற்று ஸ்கைத்ரீதே அமுக்கினாள்.
மூன்றாவது தாளிலேயே பார்த்துவிட்டாள்:
கட்டணக் கட்டத்தில் போன வருடத்து எண்.
தட்டியது அவளேதான்.
ஒருமுறை அமுக்கினாள்.
பிறகு விரலை எடுக்காமல் அமுக்கிப் பிடித்தாள்,
லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள்
மணியைப் பிடித்திருப்பதுபோல.
வளையம் சுற்றியது.
தாள் தாளாக வந்து விழுந்தது தப்பு,
சூடு ஆறாமல்.
நான் கீழே உணவறையில்
பீட்ரூட் சூப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் மேஜைக்கடியில் தவழ்ந்து
பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள்.
அப்போதும் அச்சு இயந்திரம்
விழுங்கிவைத்திருந்த ஆறு தாளைத்
துப்பிவிட்டுத்தான் ஓய்ந்ததாம்.
நான் மேலே வந்தபோது
முழங்காலில் தூசியோடு நின்றாள்.
"நிறுத்தச் சொன்னேன்" என்றாள்.
"உன்னிடம்தான் சொன்னேன்."

இரவு உட்கார்ந்து கையேட்டைப் புரட்டினேன்.
அந்த விசையைப் பிடித்துக்கொள்ள வழி உண்டு,
பிழையாக மாற்றிக் கையில் தருவார்களாம்.
எண் பதினெட்டு.
பூஜ்யத்தால் வகுத்தால் பதினொன்று,
கோப்பு கிடைக்காவிட்டால் ஐம்பத்து மூன்று,
இரண்டுக்கும் நடுவில் எங்கோ
ஒரு மனுஷி போதும் என்பது.

இதற்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று
கொஞ்ச நேரம் கோபமாக இருந்தேன்.
அப்புறம் என் பூட்டு நினைவுக்கு வந்தது.
பிழை என்றாவது கேட்டிருக்கிறார்கள்.

பதினெட்டு வந்தால்,
எடுத்த வீட்டை முடித்துவிடு, அந்தரத்தில் விடாதே.
எதுவரை வந்தாய் என்று ஓரத்தில் குறித்து வை.
உறைந்த திரையை இளக்கு.
வளையத்தை மறுபடி அம்பாக்கு
(இதை மறந்துவிட்டேன்; காலையில் சோதித்தபோது
எல்லாம் நின்றபின்னும் அது சுற்றியது,
ஸ்கைத்ரீதே காபி கலந்துகொண்டு வந்து பார்த்தாள்,
இன்னும் சுற்றியது).
பிறகு கேள்: நிறுத்தவா, தொடரவா?
கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சும்மா இரு.
சும்மா இருப்பதைத்தான்
நாலு தடவை அடித்து எழுதினேன்.

இன்று மூன்றரைக்கு அவளே ஓடவிட்டாள்.
இருபது நிமிடம் போயிருக்கும்,
எஸ்கேப்பைத் தொட்டாள், லேசாக.
ஒரு மூச்சு இழுக்கும் நேரம்.
பெட்டி வந்தது:
212 வரை முடிந்தது. நிறுத்தவா?
ஆமாம் என்று தட்டிவிட்டு
கோட்டை எடுத்து மாட்டினாள்.
"என்ன தப்பு?" பதறிப்போனேன்.
"ஒன்றுமில்லை. நாலேகால் பஸ்" என்றாள்.

அவள் போன பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
213: கெனோவேஃபா, நான்காம் படிக்கட்டு,
நாற்பத்து நான்கு சதுர மீட்டர்.
தொகைக் கட்டம் காலி.