இடது பின் சக்கரம்

இருநூற்றெழுபது கிலோவை
இடுப்பால்தான் தள்ளுகிறேன்.
கைகள் திசைக்கு மட்டும்.
நாரின் ஊர் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாய்
இதுதான் என் நடை:
முன்னால் இரும்பில் ஒரு பிறை,
பின்னால் நான்,
காலைச் சுற்றப் பார்க்கும் கேபிள்.

கையேட்டில் எல்லாம் சுலபம்.
தூண் ஏறும், இறங்கும்.
பிறை தன் தடத்திலேயே வழுக்கி
மேஜையைச் சுற்றி வரும்.
"ஒரே விரல் போதும்" என்று
அட்டைப்படத்தில் ஒருத்தி சிரிக்கிறாள்.
அவள் ஈயக் கவசம் போடவில்லை.
அவள் மேஜைமேல் ஆளும் இல்லை.

என் மேஜைமேல் ஜோல்தோஷ்பெக்.
டோலோன் கணவாயின் பனியில்
நிலக்கரி லாரியோடு சரிந்தவர்.
தொடை எலும்பு இரண்டு துண்டு.
மரத்தது இடுப்புக்குக் கீழேதான்,
வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.
லாரி மச்சானுடையது, டயர் பழைய டயர்,
கடன் இன்னும் பதினேழு மாதம்,
எல்லாம் திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து
வந்துகொண்டே இருக்கிறது.

நீலத்துணியைத் தொட்டால் தீட்டு.
என் முழங்கை தீட்டு, என் மூச்சே தீட்டு.
துணிக்கும் தூணுக்கும் நடுவே நாலு விரல் இடம்,
அதற்குள்தான் பாலித்தீன் உறை சரசரக்க
பிறையை நுழைத்து எடுக்க வேண்டும்.

இடுப்புப் பக்கம் முடிந்தது.
ஆணி எலும்புக்குள் இறங்கிவிட்டது.
"முழங்காலுக்கு வா" என்கிறார் டாக்டர் தாலந்த்.
இனிதான் என் பாடு.
ஆணியின் கீழ்முனையில் இரண்டு துளை,
திருகு போகும் வழி.
திரையில் அது முட்டையாய்த் தெரிந்தால்
நான் கோணலாய் நிற்கிறேன் என்று அர்த்தம்.
முழு வட்டம் தெரியும்வரை
அவர் துரப்பணத்தைத் தொடமாட்டார்.
பிறையை வைத்துக்கொண்டு
பௌர்ணமி தேடும் வேலை.

தேடினேன்.
வளைவை இரண்டு டிகிரி. முட்டை.
தூணை ஒரு விரற்கடை மேலே. முட்டை.
லாக்கைப் போட்டுக் கையை எடுத்தால்
இடது பின் சக்கரம்
கேட்காமல் யோசனை சொல்கிறவனைப் போல
மெல்ல ஒரு நகக்கண் அளவு நகர்கிறது.
அதன் பிரேக் போன குளிர்காலமே செத்துவிட்டது.
அதற்காகத்தான் தரையில் டேப் ஒட்டியிருந்தேன்,
இடுப்புக்குச் சிவப்பு, முழங்காலுக்கு நீலம்.
குனிந்து பார்க்கிறேன், இரண்டும் இல்லை.
தரை பளபளக்கிறது.

சுவரோரம் நின்ற உல்கானைப் பார்த்தேன்.
ஆள் பற்றாத இரவுகளில்
தரை துடைக்கிறவளே விளக்கும் திருப்புவாள்.
"டேப்பா? அழுக்கென்று நினைத்தேன்" என்றாள்,
கொஞ்சமும் வருத்தமில்லாமல்.
வாயில் ஒரு சொல் வந்தது.
மாஸ்க்குக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

"இன்னும் எத்தனை படம்?" என்கிறார் டாக்டர்.
ஒவ்வொரு முட்டைக்கும்
அந்த மனிதரின் உடம்பல்லவா கதிர் வாங்குகிறது,
கொஞ்சம் என்னுடையதும்.

அப்போது உல்கான் உதிரிக் கவசத்தை மாட்டிக்கொண்டு,
அவளுக்கு அது கணுக்கால் வரை,
தரையில் ஓர் இடத்தைக் காலால் காட்டினாள்.
"உன் வண்டி வைத்த கறை.
நாலு வருடம் தேய்க்கிறேன், போகமாட்டேன் என்கிறது.
முழங்கால் என்றால் எப்போதும் இங்கேதான் நிற்கும்,
வாசலைப் பார்த்துக் கொஞ்சம் கோணலாக."
பழுப்பாய், ரப்பர் தின்ற ஒரு தழும்பு.
ஒன்பது வருடம் அதன்மேல் வேலை பார்த்தவள் நான்,
பார்த்ததில்லை.

சக்கரத்தை அதில் இறக்கினேன்.
அவள் தன் ரப்பர் செருப்பை
அதன் அடியில் முட்டுக்கொடுத்து நின்றாள்.
மிதி. படம்.
வட்டம்.
பக்கத்தில் இன்னொரு வட்டம்.

"என்ன, நல்லதா?" என்று கேட்கிறார் ஜோல்தோஷ்பெக்,
டயர் கதையைப் பாதியில் விட்டுவிட்டு.
யாரும் பதில் சொல்லவில்லை,
துரப்பணம் ஓடத் தொடங்கியிருந்தது.

விடியற்காலை பதிவேட்டில் எழுதினேன்:
இடது பின் பிரேக், வேலை செய்யவில்லை.
பதினோராவது முறை.
பிஷ்கெக்கிலிருந்து மெக்கானிக்
வசந்தத்தில் வருவார் என்று பதினோராவது பதில் வரும்.
தற்காலிக ஏற்பாடு என்ற கட்டத்தில்
கொஞ்சம் யோசித்துவிட்டு:
உல்கானின் செருப்பு. அளவு முப்பத்தேழு.